தாத்தா எந்த வருஷம் கப்பல் ஏறினார்?

அன்புள்ள சார்,

பள்ளியில் செஜாரா (வரலாறு) பாடத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு சரி. இப்போது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் வேலை. வரலாறு படிக்க ஆசை வந்திருக்கிறது. தாத்தா ரஜூலா கப்பலில் வந்தார் என்பதோடு எனக்குத் தெரிந்த வரலாறு முடிந்துவிடுகிறது. நாவல் வேண்டாம். சாதாரண ஆள் படிக்கிற மாதிரி பத்துப் புத்தகம் சொல்வீர்களா? ஆங்கிலம் ஓரளவு வரும்.

கவிதா

அன்புள்ள கவிதா,

பத்து சொன்னால் ஒன்றையும் தொடமாட்டீர்கள். ரோமாபுரி, நெப்போலியன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சுனில் அம்ரித்தின் 'கிராஸிங் தி பே ஆஃப் பெங்கால்' (2013). 1840 முதல் 1940 வரை ஏறக்குறைய 2.8 கோடிப் பேர் வங்காள விரிகுடாவைக் கடந்தார்கள் என்கிறார். இவ்வளவு பெரிய விஷயத்தைச் சலிக்காமல் சொல்லத் தெரிந்தவர்.

அடுத்து, கெர்னியல் சிங் சந்துவின் 'இந்தியன்ஸ் இன் மலாயா' (1969). வறண்ட நடைதான். ஆனால் உங்கள் தாத்தா எப்படி வந்திருப்பார் என்பது இதைப் படித்தால் புரியும். ஒப்பந்தக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்குள் கங்காணி முறை ஓங்கிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்கிற ஒருவரையே ஊருக்கு அனுப்பி, சொந்தபந்தங்களைக் கூட்டிவரச் செய்வார்கள். கப்பல் செலவு 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதியிலிருந்து போகும். அந்த நிதிக்குப் பணம் கட்டியவர்கள் முதலாளிகள். ரப்பர் விலை விழுந்ததும் 1930இல் ஆளெடுப்பை நிறுத்தி, இருந்தவர்களில் பலரைத் திருப்பியும் அனுப்பினார்கள். பிறகு 1938இல் இந்திய அரசே இப்படி ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. அதனால் தாத்தா வந்த வருஷத்தை வீட்டில் விசாரித்து வையுங்கள். 1928 என்றால் அநேகமாகக் கங்காணி கூட்டிவந்தவர். 1939 என்றால் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்திருப்பார்.

ஜப்பான்காரன் காலத்துக்கு பெய்லியும் ஹார்ப்பரும் சேர்ந்து எழுதிய 'ஃபர்காட்டன் ஆர்மீஸ்', அதன் தொடர்ச்சியாக 'ஃபர்காட்டன் வார்ஸ்'. இரண்டுமே தலையணை கனம். ஜப்பான்காரன் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை, நேதாஜியின் படை, அப்புறம் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் 1948இல் அறிவித்த அவசரகாலம் வரை வரும். அவசரகாலம் என்றாலே பேச்சு நம் ஊரில்தானே தொடங்குகிறது? 1948 ஜூன் 16 அன்று இங்கே தோட்டங்களில் சுடப்பட்ட மூன்று வெள்ளைக்காரத் துரைகளின் பெயர்களும் பதிவாகியிருக்கின்றன. அன்று காலை பெரட்டுக்கு (வேலைக்குமுன் ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற தோட்டத் தொழிலாளர்கள் என்ன ஆனார்கள் என்று தேடினால், பல புத்தகங்களில் ஒரு வரிகூடக் கிடைக்காது. ஒரு வரலாற்று நூலைக் கையில் எடுத்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். பெய்லி, ஹார்ப்பர் இருவரும் சாதாரண ஜனங்கள் பக்கமும் திரும்பிப் பார்க்கிறவர்கள்.

சுருக்கமாக ஒன்று போதும் என்றால் சின்னப்பா அரசரத்தினத்தின் 'இந்தியன்ஸ் இன் மலேசியா அண்ட் சிங்கப்பூர்' (1970). யாழ்ப்பாணத்துக்காரர், மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அரசியல் பகுதி பழசாகிவிட்டது, மற்றது இன்றும் பயன்படும்.

அம்ரித்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். சந்துவை ஏதாவது பல்கலைக்கழக நூலகத்தில் தேடுங்கள். முதல் முறை படிக்கும்போது அட்டவணைகளைத் தாண்டிப் போய்விடலாம்.