மலைக் கல்லூரியில் சேரப் போகிறேன். குளிருக்குக் குடிப்பது அங்கே சகஜம், கஞ்சா வெறும் இலைதான் என்கிறார்களே, உண்மையா?

ஊட்டியில் மூன்று ஆண்டுகள் படித்தேன். சகஜம் என்பது உண்மைதான். எங்கள் அறையில் ஆறு பேர்; நால்வர் குடித்தோம். ஜனவரியில் குளிரைச் சாக்காகச் சொன்னோம், மே மாதத்தில் சீசனைச் சொன்னோம். நீலகிரியில் 2022 முதல் மது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் கண்ணாடிச் சில்லு விழக்கூடாது என்று வந்த ஏற்பாடு. நாங்களோ அந்தப் பத்து ரூபாய்களைச் சேர்த்து அடுத்த பாட்டிலுக்குக் கணக்குப் போட்டோம்.

மது உடம்பைச் சூடாக்குவதில்லை. தோலடி ரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் சூட்டை வெளியே கொண்டுவருகிறது. கதகதப்பாகத் தோன்றும், அந்தச் சூடுதான் காற்றோடு போய்க்கொண்டிருக்கும்.

2023 ஜனவரியில், உறைபனி விழுந்த ஓர் இரவில்தான் எனக்கு இது புரிந்தது. குடித்துவிட்டு அதற்கு மேல் கஞ்சாவும் புகைத்த நண்பன், வாசல் படியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டான். போதை தெளியட்டும் என்று முகத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றினோம். எவ்வளவு புத்திசாலிகள் பாருங்கள்! உதடு நீலம் பாய்ந்த பிறகும் போலீஸ் வருமோ என்று அரை மணி நேரம் வாதாடினோம். வீட்டுக்கார அம்மாதான், “பேசிக்கொண்டே இருங்கள், பிள்ளை போய்விடுவான்” என்று திட்டி ஆட்டோவை வரவழைத்தார். மதுவோடு சேரும்போது ரத்தத்தில் கஞ்சாவின் போதைப்பொருள் அளவு இன்னும் ஏறும் என்றார் மருத்துவர். மல்லாந்து கிடந்தவனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்க வேண்டுமாம். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் அதோடு முடிந்தது.

சட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டில் 21 வயதாகாதவருக்கு மது விற்கக்கூடாது. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, ஒரு சிறு பொட்டலம் கஞ்சா வைத்திருந்தாலும் ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். சிகிச்சைக்குத் தானாக முன்வரும் போதை அடிமைக்கு அதே சட்டத்தில் விலக்கும் உண்டு. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

நண்பன் பிழைத்துக்கொண்டான். மதுவை அன்றோடு விட்டான், கஞ்சாவை விட முடியவில்லை. நான்கு அரியர் விழுந்த பிறகு, 14446 என்ற இலவச உதவி எண்ணுக்கு என் போனிலிருந்துதான் பேசினான். நிறுத்திய முதல் இரண்டு வாரம் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தான். ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு என்னை எழுப்பி, “வெறும் இலைக்கா இந்தப் பாடு?” என்று கேட்டான்.