ஒரு தடவை விழுந்தால் ஒரு புள்ளி
வாசகர் கேள்வி-பதில்: ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ்

பாரிஸ் ஒலிம்பிக் ஆல்-ரவுண்ட் இறுதிப் போட்டியில் சீனாவின் ஜாங் போஹெங் முதல் கருவியிலேயே விழுந்தார். அப்படியும் வெள்ளி வாங்கினார். விழுந்தவருக்கு எப்படிப் பதக்கம்?
— தண்டையார்பேட்டை வாசகர்

ஆல்-ரவுண்ட் என்பது ஆறு கருவிகளின் கூட்டுத்தொகை. ஃப்ளோர் (தரை), பாமல் ஹார்ஸ் (பிடி வைத்த 'குதிரை'), ரிங்ஸ் (தொங்கும் வளையங்கள்), வால்ட் (ஓடி வந்து மேசையைத் தாண்டுவது), பேரலல் பார் (இணைக் கம்பிகள்), ஹை பார் (உயரக் கம்பி) என்ற வரிசையில் ஆறையும் ஒருவரே செய்ய வேண்டும். எது மோசமாகப் போனாலும் அதைத் தள்ளிவிட வழி கிடையாது. தகுதிச் சுற்றில் வாங்கிய புள்ளியும் இறுதிக்கு வராது. எல்லோரும் பூஜ்ஜியத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். 24 பேர் இறுதிக்கு வருவார்கள், ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் இரண்டு பேர்.

2024 ஜூலை 31 அன்று ஜப்பானின் ஒகா ஷின்னோசுகே 86.832 எடுத்துத் தங்கம் வென்றார். ஜாங் 86.599. இன்னொரு சீன வீரர் ஷியாவ் ரூதெங் 86.364 எடுத்து வெண்கலம். விழுந்தால் கழிவு 1.0. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்ததோ 0.233. அந்த ஒரு விழுதல் இல்லையென்றால் கணக்கு எங்கே போயிருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். முதல் கருவியில் 1 புள்ளி போன பிறகு மீதி ஐந்தையும் பதறாமல் செய்து முடித்தாரே, அதற்குக் கிடைத்த பலன்தான் வெள்ளி. டோக்கியோவில் தங்கம் வென்ற ஹாஷிமோட்டோ டைகியும் அதே நாளில் பாமல் ஹார்ஸிலிருந்து விழுந்தார். அவருக்கு ஆறாவது இடம்.

டி.வி.யில் டி என்றும் ஈ என்றும் இரண்டு எண் காட்டுகிறார்கள். பழைய 10க்கு 10 என்ன ஆனது?
— பெரம்பூர் வாசகர்

2006 முதல் அது இல்லை. இப்போது இரண்டு தனித்தனிக் கணக்கு. 'டி' என்பது என்ன செய்தார், எவ்வளவு கடினம் என்பது. ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு எழுத்து உண்டு: ஏ என்றால் 0.1, பி என்றால் 0.2, இப்படியே ஏறும். பாரிஸ் வரை வால்ட் தவிர மற்ற ஐந்திலும் சிறந்த 10 வித்தைகளைக் கணக்கில் எடுத்தார்கள். 2025லிருந்து அது 8 ஆகக் குறைந்துவிட்டது. 'ஈ' என்பது எவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பது. அது 10லிருந்து தொடங்கிக் கீழே இறங்கும். சின்னத் தப்புக்கு 0.1, நடுத்தரத் தப்புக்கு 0.3, பெரிய தப்புக்கு 0.5, விழுந்தால் 1.0. இரண்டையும் கூட்டி, கோட்டைத் தாண்டியது போன்ற தனிக் கழிவுகளை எடுத்துவிட்டால் மொத்தம் வரும்.

இதற்குப் பாரிஸ் ஹை பார் இறுதியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒகாவின் டி 5.9, ஈ 8.633. கொலம்பியாவின் ஆங்கெல் பராஹாஸுக்கு டி 6.6, ஈ 7.933. கூட்டினால் இருவருக்குமே 14.533. சமநிலையில் ஈ அதிகம் உள்ளவருக்கு முதலிடம் என்பதால் தங்கம் ஒகாவுக்குப் போனது. கஷ்டமானதைச் செய்தவரை, சுத்தமாகச் செய்தவர் முந்தினார். இது சரியான விதி என்பதே எங்கள் கருத்து.

எண்ணின் கடைசியில் அடிக்கடி 33, 66 வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஈ நடுவர்கள் கொடுத்ததில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு மீதி மூன்றுக்குச் சராசரி எடுப்பார்கள். மூன்றால் வகுத்தால் அப்படித்தான் வரும்.

டோக்கியோவில் ஷியாவ் ரூதெங்குக்கு வணக்கம் சொல்லவில்லை என்று 0.3 கழித்தார்களாமே? அதனால்தான் தங்கம் போனதா?
— கொருக்குப்பேட்டை வாசகர்

கழித்தது உண்மை. கடைசிக் கருவியான ஹை பாரில் இறங்கிய பிறகு நடுவரைப் பார்த்துக் கை உயர்த்த வேண்டும். அதைச் செய்யவில்லை என்று 0.3 போனது. ஆனால் தங்கம் அதனால் போகவில்லை. ஹாஷிமோட்டோ 88.465, ஷியாவ் 88.065. அந்த 0.3ஐத் திருப்பிக் கொடுத்தாலும் 88.365தான் வரும்.

பயிற்சியிலேயே தொடக்க வணக்கமும் முடிவு வணக்கமும் சேர்த்துச் செய்து பழகாத பையன்கள் மேடையில் மறந்துவிடுவார்கள். மாவட்டப் போட்டியிலும் இதே கதைதான். கோச்சுகள் கவனிக்க வேண்டும்.

2004 ஏதென்ஸில் கொரிய வீரரை ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்போது படித்த ஞாபகம். நடந்தது என்ன?
— பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

ஆல்-ரவுண்ட் இறுதியில் கொரியாவின் யாங் டே-யங் பேரலல் பாரில் செய்ததற்குத் தொடக்க மதிப்பு (பழைய முறையில் எந்த எண்ணிலிருந்து கழிக்கத் தொடங்குவார்கள் என்பது) 10.0 கொடுத்திருக்க வேண்டும். நடுவர்கள் 9.9 என்று போட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் பால் ஹாம் 57.823, கொரியாவின் இன்னொரு வீரர் கிம் டே-யுன் 57.811, யாங் 57.774. அந்த 0.1 சேர்ந்திருந்தால் யாங் முதலிடம். சர்வதேச சம்மேளனம் தப்பை ஒப்புக்கொண்டு மூன்று நடுவர்களை இடைநீக்கம் செய்தது. ஆனால் முடிவை மாற்றவில்லை. விளையாட்டு நடுவர் மன்றமும் கொரியாவின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆட்சேபம் போட்டி முடிவதற்குள் வந்திருக்க வேண்டும், பிறகு வந்தது என்பது ஒரு காரணம். அதே ஆட்டத்தில் யாங்குக்குக் கழிக்காமல் விட்ட தப்பும் இருந்தது என்ற வாதமும் எழுந்தது. பால் ஹாம் வால்டில் தடுமாறி 12வது இடத்துக்குப் போய், கடைசி இரண்டு கருவிகளில் 9.837, 9.837 எடுத்து மேலே வந்தவர். அவர்மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது. யாங்குக்கு நடந்தது அநியாயம் என்பதையும் மறுக்க முடியாது.

ஆறில் எது ஆளைக் கவிழ்ப்பது? என் பையன் பாமல் ஹார்ஸ் என்றாலே அழுகிறான். வயது 11.
— வியாசர்பாடி வாசகி

உங்கள் பையன் சரியாகத்தான் பயப்படுகிறான் அம்மா. உலகப் போட்டிகளிலும் ஆல்-ரவுண்ட் கனவு அதிகம் உடைவது அந்தக் குதிரையின் மேல்தான்.

160 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், தரையிலிருந்து 115 செ.மீ. உயரம், மேலே இரண்டு பிடிகள். ரிங்ஸில் ஒரு நிலையில் 2 வினாடி நிற்கச் சொல்கிறார்கள். இங்கே நிற்கவே கூடாது. கால்கள் சுற்றிக்கொண்டே இருக்க, உடம்பின் பாரம் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாறிக்கொண்டே இருக்கும். பாதி நேரம் ஒற்றைக் கையில்தான் ஆள் நிற்கிறான். குதிரையின் மூன்று பகுதிகளையும் பயன்படுத்த வேண்டும்.

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கை பலம் இல்லாதது அல்ல. தோள் நகராததுதான். கால் முன்னால் போகும்போது தோள் பின்னால் சாய வேண்டும். கால் வலப்பக்கம் போனால் தோள் இடப்பக்கம். இந்த எதிர்ச்சாய்வு அரை நொடி தாமதித்தால் இடுப்பு தொங்கும், தொங்கினால் கால் தோலில் உரசும், உரசினால் வேகம் சாகும். அடுத்த கை வைக்க நேரம் இருக்காது. பார்ப்பவர்களுக்குக் கால் இடித்து விழுந்ததாகத் தெரியும். தப்பு அதற்கு ஒன்றரைச் சுற்று முன்பே நடந்து முடிந்திருக்கும்.

11 வயதில் பிடி உள்ள குதிரைக்கு அவசரப்படுத்த வேண்டாம். முதலில் மஷ்ரூம் (காளான் வடிவக் கட்டை). அதில் கால் ஒட்டி, முட்டி நீட்டி, நிற்காமல் 10 சுற்று வந்த பிறகு பிடி இல்லாத குதிரை, அதற்குப் பிறகு பிடி. அதற்கும் முன்னால் வாளிப் பயிற்சி ஒன்று உண்டு. மேலிருந்து கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தொங்கவிட்டு, இரண்டு பாதங்களையும் அதற்குள் வைத்து, கைகளை மஷ்ரூமில் ஊன்றிச் சுற்றுவது. கால் பாரத்தை வாளி தாங்குவதால், தோள் எப்போது எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது மட்டும் உடம்பில் ஏறும். உடம்பு தலையிலிருந்து பாதம்வரை நேராக இருக்கும்படி வாளியின் உயரம் அமைய வேண்டும். வாளி தாழ்ந்தால் இடுப்பு மடங்கும், அந்தப் பழக்கம் பிறகு போகவே போகாது. வீட்டில் ஃபேன் கொக்கியில் கட்டாதீர்கள். ஆடும் பாரத்தை அது தாங்காது.

மணிக்கட்டு வலி என்று சொன்னால் அலட்சியம் வேண்டாம். 10லிருந்து 14 வயதுக்குள் எலும்பு வளரும் முனை அங்கே மென்மையாக இருக்கும். தினமும் பாரம் ஏறினால் அந்த இடம் நொந்துபோகும். ஓய்வு எடுத்தும் இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு குதிரையில் ஏற்றவே கூடாது.

சென்னை வேர்வைக்குக் கை பாரில் நிற்பதில்லை. கேரம் பவுடர் போடலாமா? வீட்டில் டப்பா டப்பாவாக இருக்கிறது.
— ராயபுரம் வாசகர்

கூடவே கூடாது. கேரம் பவுடர் போரிக் அமிலம். காய் வழுக்கி ஓடத்தான் அதைத் தூவுகிறோம். கையும் அப்படியே வழுக்கும். முகத்துக்குப் போடும் பவுடரும் அதே ரகம். பள்ளிக்கூடச் சாக்பீஸும் உதவாது. ஜிம்னாஸ்டிக்ஸ் சாக் என்பது மெக்னீசியம் கார்பனேட். அது வேர்வையை உறிஞ்சி, தோலுக்கும் பாருக்கும் நடுவே உராய்வைக் கூட்டும்.

போடுவதிலும் முறை உண்டு. முதலில் கையைத் துண்டால் உலரத் துடையுங்கள். ஈரத்தின் மேல் சாக் போட்டால் களிம்பாகி உருளும். மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். மாவு பிசைந்தது மாதிரி அப்பினால் முதல் ஸ்விங்கிலேயே உதிர்ந்து, கீழே இருக்கும் வேர்வை வெளியே வரும். கடற்காற்று உள்ளே வரும் கூடத்தில் சாக் கட்டியைத் திறந்து வைக்காதீர்கள். மூடி இறுக்கமான டப்பா வேண்டும். ஹை பாரில் பழைய சாக் அடையாகப் படியும். ஒவ்வொரு நாளும் உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும்.

பேரலல் பார் வேறு கதை. அதில் தோல் பட்டை (உள்ளங்கையில் மாட்டும் பிடிப்புப் பட்டை) போடாமல் வெறும் கையோடுதான் ஏறுவார்கள். சர்வதேச வீரர்கள் பாரில் கொஞ்சம் தேனோ சர்க்கரைப் பாகோ தடவி, அதன் மேல் சாக் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அளவு முக்கியம். அதிகமானால் கை ஒட்டிக்கொண்டு, சறுக்கி நகர வேண்டிய இடத்தில் நின்றுவிடும். முடித்ததும் ஈரத்துணியால் துடைக்காவிட்டால் மறுநாள் எறும்பு.

தோல் பட்டை பற்றியும் சொல்லிவிடுகிறோம், இது உயிர் சமாச்சாரம். ஹை பார் பட்டையில் மூன்று விரல் ஓட்டை, ரிங்ஸ் பட்டையில் இரண்டு, விரல்களுக்குக் கீழே பிடிப்புக்காகப் பட்டைக்குள் வைத்திருக்கும் குச்சியும் தடிமன். ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றிப் போடக் கூடாது. பழகப் பழகத் தோல் நீளும். நீண்ட தோல் பாரைச் சுற்றி மடங்கித் தன்மேலேயே மாட்டிக்கொள்ளும். கை பாரோடு பூட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் சுற்றும். முன்கை எலும்பு உடையும். பட்டை நீண்டு குச்சி உள்ளங்கைப் பக்கம் இறங்கினால், விலை எவ்வளவு ஆனாலும் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். புதிய பட்டை பழக வாரக்கணக்கில் ஆகும். போட்டிக்குப் போகும்போது பழகிய இன்னொரு ஜோடி பையில் இருக்க வேண்டும்.

இறங்கும்போது ஒரு அடி நகர்ந்தால் அவ்வளவு பெரிய விஷயமா?
— கொளத்தூர் வாசகர்

2016 ரியோ ஒலிம்பிக் ஆல்-ரவுண்ட் இறுதி. ஐந்து கருவிகள் முடிந்தபோது உக்ரைனின் ஒலெக் வெர்னியாயேவ் 0.901 முன்னிலையில் இருந்தார். ஹை பாரில் ஜப்பானின் உச்சிமுரா கோஹெய் 15.800 எடுத்து, இறங்கிய இடத்தில் அசையாமல் நின்றார். வெர்னியாயேவ் இறங்கும்போது துள்ளினார். 14.800. உச்சிமுரா 0.099 வித்தியாசத்தில் வென்றார். சின்ன அடிக்கு 0.1, பெரிய அடிக்கு 0.3 கழிவு.

இந்தியாவுக்கு ஆண்கள் பிரிவில் பதக்கமே இல்லையா?
— புளியந்தோப்பு வாசகர்

உண்டு. 2010 டெல்லி காமன்வெல்த்தில் அலகாபாத்தைச் சேர்ந்த ஆஷிஷ் குமார் வால்டில் வெள்ளியும் ஃப்ளோரில் வெண்கலமும் வென்றார். அதே ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஃப்ளோரில் வெண்கலம். கவனியுங்கள், எல்லாம் குதித்துத் தாவும் கருவிகள். குதிரையும் ரிங்ஸும் கிடைக்காத ஊர்களில் ஆல்-ரவுண்டர் வளர்வது கடினம்.

காசிமேட்டுப் பக்கம் பசங்க மணலில் பல்டி அடிக்கிறார்கள். அதிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் போக முடியுமா? என் தம்பி மகனுக்கு 8 வயது.
— திருவொற்றியூர் வாசகர்

முடியும். 6லிருந்து 8 வயது சேர்ப்பதற்கு நல்ல வயது. ஆண்கள் பிரிவில் 18 வயதில்தான் சீனியர் ஆகிறார்கள், எனவே 10 ஆண்டு கையில் இருக்கிறது. மணலில் பல்டி அடிக்கும் பையனுக்குப் பயம் இருக்காது, தலைகீழாக இருக்கும்போது தரை எங்கே என்று தெரியும். இந்த இரண்டும் சொல்லிக் கொடுத்து வராது.

ஆனால் மணல் ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுக்கும். உலர்ந்த மணல் காலை உள்ளே இழுப்பதால் எம்புவதற்கு உயரம் கிடைக்காது. அதை ஈடுகட்டப் பையன் தலையைப் பின்னால் வீசுவான். தலை முதலில் போனால் நெஞ்சு சாயும், உயரம் இன்னும் குறையும், முட்டி மடங்கிக் குந்தியபடி இறங்குவான். ஸ்பிரிங் ஃப்ளோரில் இதே ஆட்டத்தை ஆடினால் கழுத்தில் விழுவான். சரியான வரிசை: கை காதோரமாக மேலே போக வேண்டும், உடம்பு நேராக எழும்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் முட்டி நெஞ்சுக்கு வரும். தலை நடுவிலேயே இருக்கும்.

ஆறு மாதத்துக்குப் பல்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் முன் குட்டிக்கரணம், பின் குட்டிக்கரணம், சுவரில் வயிறு படும்படி ஹேண்ட்ஸ்டாண்ட் 30 வினாடியில் தொடங்கி 60 வரை, கார்ட்வீல் (பக்கவாட்டில் சக்கரம் போலச் சுற்றுவது), அப்புறம் ரவுண்ட்-ஆஃப் (இரண்டு காலும் சேர்ந்து இறங்கும் கார்ட்வீல்). பின்பல்டி கோச்சின் கை இடுப்பில் இருக்கும்போது மட்டும்.

அதுவரை கடற்கரைக்குப் போனாலும், தூண்டில் வளைவுக் கற்களுக்கு எட்டத்தில், அலை நனைத்து லேசாக இறுகிய மணலில் கார்ட்வீல் போடட்டும். முதலில் காலால் அலசி, பாட்டில் சில்லும் உடைந்த சிப்பியும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.