கற்பனையில் அசையும் கையை இ.இ.ஜி.யில் பிடிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: கையை அசைப்பதாக நினைத்தாலே போதுமா? மண்டைமேல் வைத்த எலக்ட்ரோடுக்கு அது எப்படித் தெரிகிறது?

எலக்ட்ரோடு உங்கள் எண்ணத்தைப் படிப்பதில்லை. மண்டைமேல் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின் அலைகளைப் பதிவதுதான் இ.இ.ஜி. கை சும்மா இருக்கும்போது மூளையின் இயக்கப் பகுதியில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரையிலான மியூ அலை ஓடிக்கொண்டிருக்கும். கையை அசைத்தால் அது அடங்கும். வெறுமனே கற்பனை செய்தாலும் அடங்கும் என்று 1997இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஃபுர்ட்ஷெல்லர், நாய்பர் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். வலது கையை நினைத்தால் இடப்பக்கம் சி3 எலக்ட்ரோடில் அதிகம் குறையும். இடது கைக்கு வலப்பக்கம் சி4. மியூவைவிட வேகமான பீட்டா அலையும் கூடவே இறங்கி, கற்பனையை நிறுத்தியதும் சட்டென்று மேலே எழும். கணினி பார்ப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான்.

கேள்வி: விரல் விரலாகப் பிரிக்கலாமா? இடது கால், வலது கால்?

சிரமம். விரல்களுக்கான இடங்கள் மூளையில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. சிக்னல் மண்டையோட்டைக் கடந்து வரும்போது எல்லாம் கலங்கிவிடுகிறது. கால்களுக்கான இடமோ இரு அரைக்கோளங்களுக்கும் நடுவிலுள்ள பிளவுக்குள். எந்தக் கால் என்று மேலிருந்து சொல்வது கடினம். பலரும் பயன்படுத்தும், மூளை-கணினி இணைப்புக்கான (பி.சி.ஐ.) போட்டி 4இன் 2ஏ தரவில் இடது கை, வலது கை, இரு கால்களும் சேர்ந்து, நாக்கு என நான்கே வகை இருப்பது இதனால்தான். ஆனாலும் கதவு மூடிவிடவில்லை. 2025இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு, கற்பனையை மட்டும் வைத்து ரோபோ கையின் விரல்களை அசைக்க வைத்தது. இரண்டு விரல்களுக்கு 80 சதவீத அளவில் சரியாக வந்தது. மூன்றாவது விரல் சேர்ந்ததும் 60க்கு இறங்கியது.

கேள்வி: இடது கை, வலது கை என இரண்டே வகை. சிக்னலைப் பார்த்து எந்தக் கை என்று சொல்லும் என் கணினி மாடல் 95% சரி என்று காட்டுகிறது. கட்டுரை எழுதிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். எனக்கு முதலில் சந்தேகம் கண்மேல்தான். எந்தக் கையை நினைக்க வேண்டும் என்று சொல்லும் அம்புக்குறி திரையில் இடப்பக்கம் வந்தால் கண்ணும் அந்தப் பக்கம் நகரும். மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட். ஒரு கண் சிமிட்டல் நூறைத் தாண்டும். மாடல் கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கற்றிருக்கலாம். நெற்றிப்பக்க எலக்ட்ரோடுகளின் சேனல்களை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். மதிப்பெண் மளமளவென்று சரிந்தால் விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம், தரவை எப்படிப் பிரித்தீர்கள்? ஒரே முயற்சியை (ஒரு தடவை கற்பனை செய்த பதிவை) ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளாக வெட்டிக் கலக்கினால், பயிற்சியில் பார்த்ததையே தேர்விலும் பார்க்கிறது. இரண்டு வகையும் நன்றாகப் பிரிந்து தெரியும்படி எலக்ட்ரோடுகளின் சிக்னலைச் சேர்த்துத் தரும் சி.எஸ்.பி. வடிகட்டியை மொத்தத் தரவிலும் பொருத்திவிட்டுப் பிறகு பிரித்தாலும் இதே கோளாறுதான். முயற்சி வாரியாகப் பிரியுங்கள். ஒரு நாள் பதிவில் பயிற்சி, வேறொரு நாள் பதிவில் சோதனை என்றால் இன்னும் நல்லது.

தேர்வு முயற்சிகள் எத்தனை என்பதும் முக்கியம். 40 முயற்சியில் 25 சரி, அதாவது 62% என்பது, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே நூற்றுக்கு ஏழெட்டுத் தடவை கிடைத்துவிடும்.

கேள்வி: டீப் லேர்னிங்கா, பழைய முறையா?

முதலில் பழைய முறை: சி.எஸ்.பி.யும், வகை பிரிக்கும் எளிய கணக்குமுறையான எல்.டி.ஏ.வும். அதைத் தாண்டினால்தான் இ.இ.ஜி.நெட் என்ற டீப் லேர்னிங் மாடல் பக்கம் போங்கள். ஒருவரிடமிருந்து கிடைக்கும் சில நூறு முயற்சிகள் பெரிய வலைப்பின்னலுக்குப் பற்றாது.

கேள்வி: எவ்வளவு பழகியும் எனக்குச் சிக்னலே வரவில்லை. மூளையில் ஏதாவது கோளாறா?

இல்லவே இல்லை. 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இப்படித்தான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கை அசைவதை வீடியோ பார்ப்பதுபோல மனதில் ஓட்டுகிறீர்களா? அது உதவாது. பந்தை இறுக்கும்போது உள்ளங்கையில் வரும் அழுத்தத்தை, முன்கை முறுக்கேறுவதை உணர்ந்து பாருங்கள். பல்லைக் கடிக்காதீர்கள், தாடைத் தசையின் மின்சாரம் எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும்.

கேள்வி: கை செயலிழந்தவர்களுக்கு இதனால் நிஜமாகவே பயன் உண்டா?

உண்டு, ஆனால் மெதுவாகத்தான் நகர்கிறது. 2003இல் கிராட்ஸ் குழு, கைகால் செயலிழந்த ஒருவரின் கைத்தசைகளை மின்தூண்டலால் இயக்கிக் காட்டியது. அவர் கற்பனை செய்தது கையை அல்ல, காலை! அவருக்குக் கால் கற்பனையில்தான் பீட்டா அலை தெளிவாக எழுந்தது. அதையே சுவிட்சாக வைத்து, தம்ளரைக் கையால் பிடித்தார்.