நான் வளர்க்கும் பால் பைத்தான் (ball python என்ற சிறிய மலைப்பாம்பு) இரண்டு மாதமாகச் சாப்பிடவில்லை, சட்டையும் துண்டு துண்டாக உரிகிறது. என்ன செய்வது?

முதலில் ஒன்று கேட்கிறேன். எடை பார்த்தீர்களா? மூன்று வயது ஆண் பாம்பு, நவம்பரிலிருந்து எலியைத் தொடவில்லை, கனடாவில் இருக்கிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எடை மட்டும் இல்லை. சமையலறைத் தராசு ஒன்று போதும். பாம்பை ஒரு டப்பாவில் வைத்து இன்றைக்கே எடை போட்டு, தேதியோடு எழுதி வையுங்கள்.

நான் லண்டனுக்கு வெளியே ஆறு வருடமாக ஓர் ஆண் பால் பைத்தானை வளர்க்கிறேன். பெயர் முத்து. முதல் குளிர்காலத்தில் அவன் நான்கரை மாதம் சாப்பிடவில்லை. அம்மா ஊரிலிருந்து போன் செய்யும்போதெல்லாம் "பாம்பு சாப்பிட்டுச்சா?" என்றுதான் முதலில் கேட்பார். நம் வீடுகளில் ஒரு உயிர் சாப்பிடவில்லை என்றால் அது நோய் என்றுதான் அர்த்தம். நானும் அப்படித்தான் பயந்தேன். மூன்று நாளுக்கு ஒரு முறை எலியைக் காட்டினேன், தொட்டியை மாற்றினேன், கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் அவனை இன்னும் மிரட்டியது, அவ்வளவுதான். அந்த நான்கரை மாதத்தில் 1,420 கிராம் 1,340 கிராம் ஆனது. அதாவது ஆறு சதவீதம்கூட இல்லை. அதை அப்போதே எழுதிப் பார்த்திருந்தால் அவனை நிம்மதியாக விட்டிருப்பேன்.

இந்தப் பாம்பின் சொந்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் எலி வளையிலும் கறையான் புற்றிலும் பகலைக் கழிக்கும். கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை அங்கே அப்படியே நடக்கிறது. உடல் சூட்டுக்காக இரையை எரிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதனால் வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்க முடியும். ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் இரையை மறந்துவிடுவது மிகச் சாதாரணம். வீட்டில் வளர்ப்பவற்றில் அது பெரும்பாலும் குளிர்மாதங்களில் வரும். உங்கள் பாம்பின் வயதும் மாதமும் இதோடு பொருந்துகின்றன.

ஆனால் பிறந்து சில மாதமே ஆன குட்டிக்கு இந்தப் பொறுமை ஆகாது. அதன் உடலில் சேமிப்பு குறைவு. வளர்ந்த பாம்பும் எடையில் பத்து சதவீதம் இழந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போய்விடுங்கள். வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் விசில் சத்தம், மூக்கில் குமிழி, வாயோரம் சீழ், தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்புப் பொடி போல உண்ணிகள், இவற்றில் எது தெரிந்தாலும் எடைக்காகக் காத்திருக்க வேண்டாம்.

சட்டை விஷயம் வேறு. சாப்பிடாமல் இருப்பது பாம்பே எடுக்கும் முடிவு. சட்டை துண்டாக வருவது பெரும்பாலும் நம் வீட்டுக் காற்றின் குறை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும். முத்துவின் தொட்டியில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் வாங்கி வைத்த அன்று 38 சதவீதம் காட்டியது. புற்றுக்குள் இருக்கும் ஈரம் எங்கே, இது எங்கே!

சட்டை உரிக்கும் முன் வயிறு லேசாக ரோஸ் நிறமாகும், உடல் மங்கும், பிறகு கண்கள் பால் கலந்த நீலமாகும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் ஊறுவதால் வரும் நிறம் அது. சில நாளில் கண் தெளியும். அதற்குப் பின் இன்னும் சில நாளில் சட்டை கழலும். கண் மங்கியிருக்கும்போது பாம்புக்குச் சரியாகத் தெரியாது, எரிச்சலாகவும் இருக்கும். அந்த நாட்களில் இரை காட்டவே வேண்டாம், கையிலும் எடுக்க வேண்டாம்.

வழக்கமான நாளில் 60 முதல் 70 சதவீதம், கண் நீலமானதும் 75–80 வரை ஈரப்பதம் வையுங்கள். நான் செய்வது: மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நனைத்துப் பிழிந்த ஸ்ஃபேக்னம் பாசி (ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஒரு வகைப் பாசி). அதைச் சூடான பக்கத்துக்கு அருகே வைத்தால் ஒரு குட்டிப் புற்று தயார். தரைக்குத் தென்னை நார்த்தூள் நல்லது. மேற்பரப்பு மட்டும் சொதசொதவென்று இருக்கக் கூடாது, வயிற்றுச் செதில் அழுகும். மேலே வலை மூடி இருந்தால் முக்கால்வாசியை மறையுங்கள், ஈரம் போவதே அதன் வழியாகத்தான்.

இப்போது ஒட்டியிருக்கும் துண்டுகளுக்கு: 28–30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீர், பாம்பின் பாதி உயரத்துக்கு மேல் வேண்டாம், அரை மணி நேரம், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஈரத் துவாலைக்குள் அதுவாகவே ஊர்ந்து போக விடுங்கள். தோல் உரசலில் தானாக வரும். இழுக்காதீர்கள். வால் நுனியில் வளையமாகத் தோல் தங்கியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அது இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனியே கருகி விழுந்துவிடும்.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில்தான் கண்ணை மூடியிருக்கிறது, சட்டையோடு அதுவும் வரும். முத்துவுக்கு அந்த வருடம் இடது கண்ணில் தங்கிவிட்டது. இடுக்கியை எடுத்துவிட்டேன், நல்லவேளை முதலில் மருத்துவரைக் கேட்டேன். "தொடாதீர்கள், ஈரத்தைக் கூட்டி அடுத்த சட்டை வரை பொறுங்கள்" என்றார். அடுத்த முறை இரண்டும் சேர்ந்தே வந்தன. தவறாக இழுத்தால் கண்ணே போய்விடும். இரண்டு சட்டைக்குப் பிறகும் வராவிட்டால் மருத்துவர் எடுக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சட்டை முழுதாகக் கழன்ற வாரம்தான் பல பாம்புகளுக்குப் பசி எடுக்கும். அதற்குள் சூடான பக்கம் 31–33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25–26 இருக்கிறதா, ஹீட் மேட் (சூடு தரும் விரிப்பு) வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் ஓடுகிறதா, இரண்டு பக்கமும் உடம்பை நெருக்கிப் பிடிக்கும் பொந்து இருக்கிறதா என்று பாருங்கள். உறைந்த எலியை முந்தைய இரவே ஃப்ரிட்ஜுக்குள் மாற்றி இளக விடுங்கள். மைக்ரோவேவ் கூடாது. கொடுக்கும் முன் பையோடு சுடுநீரில் வைத்துச் சூடாக்குங்கள், தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பாம்பின் உதட்டோரக் குழிகள் சூட்டைத்தான் பார்க்கின்றன. விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட இடுக்கியில் பிடித்து, பொந்து வாசலில் மெல்ல அசையுங்கள். எடுக்கவில்லையா, சரி, இரண்டு வாரத்துக்கு அந்தப் பேச்சே வேண்டாம். வாயைத் திறந்து திணிக்கும் வேலையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள்.

நீண்ட பட்டினிக்குப் பிறகு மலைப்பாம்பின் குடல் சுருங்கியிருக்கும். அதனால் முதல் இரை வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கட்டும். அதன்பின் இரண்டு நாள் கையில் எடுக்க வேண்டாம். முத்து மார்ச் நடுவில் ஒரு ராத்திரி, நான் இடுக்கியை நீட்டி மூச்சு விடுவதற்குள் கவ்வினான். அம்மாவுக்கு அப்போதே போன் செய்தேன், ஊரில் விடியற்காலை.