அமாக்சிசிலின் படர்தாமரையைத் தொடாது

ஐந்து நாள் அமாக்சிசிலின் சாப்பிட்டும் உங்கள் இடுப்பிலுள்ள படர்தாமரை குறையாததற்குக் காரணம் மாத்திரையின் வீரியக் குறைவு அன்று; அது பாக்டீரியாவின் பெப்டிடோகிளைக்கான் சுவர் உருவாவதைத் தடுக்கும் மருந்து, படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கோ அந்தச் சுவரே கிடையாது. பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுக்கும் டெர்பினாஃபின், குளோட்ரிமசோல் போன்றவையே இங்கு வேலை செய்யும்.

நண்பர் தந்த களிம்பால் அரிப்பு அடங்கியும் வட்டம் பெரிதாகிறது என்கிறீர்கள்; அதில், அரிப்பை அடக்கினாலும் பூஞ்சையைப் பரவவிடும் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ட்யூபின் பின்புறம் பொடி எழுத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதேனும் ஸ்டீராய்டின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த ட்யூபையே தோல் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

பூஞ்சைக்கான மாத்திரைகள் சில கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால், அவற்றைக் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.