ஃபேனுக்கு மூவாயிரமா?

கேள்வி: ஹால் ஃபேனில் காயில் போய்விட்டது. ரொம்பப் பழசு, இனி காயில் கட்டவும் மனசில்லை. கடையில் சாதாரண ஃபேன் 1,700 ரூபாய், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 3,200. "கரண்ட் பில்லிலேயே போட்ட காசு வந்துவிடும்" என்கிறார் கடைக்காரர். "ஃபேனுக்கு மூவாயிரமா?" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
(வாசகி, திருமங்கலம்)

பதில்: உங்கள் வீட்டு ரீடிங் தெரியாமல் தீர்ப்பு சொல்ல முடியாதம்மா. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்போது கடையில் வரும் சாதாரண ஃபேன் முழு வேகத்தில் சுமார் 52 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. 30 வாட்டை ஒட்டி. மிச்சம் 22 வாட். ஹால் ஃபேன் நாளைக்கு 14 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 18 யூனிட் குறையும். இதுவரை எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்குதான். இந்த 18 யூனிட்டுக்கு என்ன விலை என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும்.

உங்கள் பில் 100 யூனிட்டுக்குள் நிற்கிறதா? அப்படியானால் மிச்சம் பூஜ்யம். ஏற்கெனவே இலவசமாக வருவதில் எதை மிச்சம் பிடிப்பது? 1,700 ரூபாய் ஃபேனே போதும். 350 யூனிட் ஓடும் வீடு என்றால், 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி அந்த இடத்தில் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பில்லுக்கு 90 ரூபாய் போல மிஞ்சும். வருஷத்துக்கு ஆறு பில், ஆக ஐந்நூற்றுச் சொச்சம். கூடுதலாகக் கொடுக்கும் 1,500 ரூபாய் திரும்பி வர ஏறக்குறைய மூன்று வருஷம் ஆகும்.

500-ஐ ஒட்டி ஓடும் வீட்டின் கதை வேறு. மொத்தம் 500 தாண்டிவிட்டால், மேலே போகும் யூனிட்டுக்கு எட்டரை ரூபாயை ஒட்டி வரும். அதோடு 101 முதல் 200 வரை கிடைத்துக்கொண்டிருந்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். ஒரு வீட்டில் 510 யூனிட் என்று வையுங்கள். இந்த ஒரு ஃபேனால் அது 492-க்கு இறங்கினால், அந்த ஒரே பில்லில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு மேல் குறையும். அங்கே கடைக்காரர் சொல்வது பொய்யே இல்லை. ஆனால் உங்கள் பில் என்ன என்று அவர் கேட்டாரா?

முழு வேகத்தில் ஓட்டினால்தான் இந்தக் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தே ஓட்டுகிறீர்கள் என்றால் சாதாரண ஃபேனும் குறைவாகத்தான் இழுக்கும், வித்தியாசம் சுருங்கிவிடும். எப்போதாவது விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் அறைக்கு பி.எல்.டி.சி. வீண். நன்றாக ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டு மாட்டுவதும் அப்படித்தான்: அப்போது முழு 3,200 ரூபாயும் திரும்பி வர வேண்டும். ஓடும் ஃபேனும் இதே 52 வாட் ரகம் என்றால், அந்த 350 யூனிட் வீட்டிலேயே அதற்கு ஆறு வருஷம் ஆகும்.

ரிப்பேர் செலவு விலைச் சீட்டில் இருக்காது. சாதாரண ஃபேனுக்குக் கண்டென்சர் போனால் தெருமுனை எலெக்ட்ரீஷியன் மாற்றிவிடுவார். பி.எல்.டி.சி.யில் உள்ளே ஒரு போர்டு இருக்கிறது, அது போனால் பெரும்பாலும் கம்பெனி ஆளைத்தான் தேட வேண்டும். எங்கள் வீட்டு ஃபேன் ஒன்று நடு மே மாதத்தில் மக்கர் செய்து, ஆள் வர பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாள் புழுக்கத்துக்கு எந்த பில்லில் கழிவு கிடைக்கும்? அதனால் வாரண்டி எத்தனை வருஷம், போர்டும் அதில் சேர்த்தியா, சர்வீஸ் பக்கத்திலேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான பி.எல்.டி.சி. ஃபேனைப் பழைய சுவர் ரெகுலேட்டரோடு சேர்த்து மாட்டக்கூடாது, ரிமோட்டில்தான் வேகம் மாற்ற வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதையும் யோசியுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் நான் கணக்கே பார்க்க மாட்டேன். கரண்ட் போன ராத்திரியில் அதே பேட்டரி அதிக நேரம் தாங்கும், 3,200 தாராளமாகக் கொடுக்கலாம்.

எதை வாங்கினாலும் நட்சத்திர லேபிளைப் பாருங்கள், 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். வாட் குறைவு என்று மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். காற்றின் அளவும் பெட்டியில் போட்டிருக்கும். 48 அங்குல ஃபேன் என்றால் நிமிடத்துக்கு 210 கன மீட்டராவது இருக்கட்டும்.

கேள்வி: மாதச் சாமான் எல்லாமே பெரிய பாக்கெட்டாக வாங்குகிறேன். அதுதானே மலிவு?
(வாசகர், சேலம்)

பதில்: பல சாமான்களுக்கு ஆமாம், ஷாம்புவுக்குப் பெரும்பாலும் இல்லை. ஷாம்புவை சாஷேயில் அடைத்து விற்கும் வழியைக் காட்டியவர் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன். அன்றிலிருந்தே அது சின்ன காசுக்கான சரக்கு. பல பிராண்டுகளில் மில்லி லிட்டர் கணக்குப் பார்த்தால் பாட்டிலைவிட சாஷேதான் மலிவாக இருக்கும். குப்பை சேரும், அது தனிக் கவலை. மற்றதற்கு, எம்.ஆர்.பி. பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஒரு கிராமுக்கு எவ்வளவு, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட் என்றால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். இரண்டு பாக்கெட்டிலும் அந்த எண்ணைப் பாருங்கள். பெருங்காயத்தை மட்டும் எவ்வளவு மலிவானாலும் பெரிய டப்பாவில் வாங்காதீர்கள், பாதி தீர்வதற்குள் வாசம் போய்விடுகிறது.