அணு எண் என்பது புரோட்டான் எண்ணிக்கையா, எலக்ட்ரான் எண்ணிக்கையா?

புரோட்டான் எண்ணிக்கைதான். அணுவில் மொத்த மின்சுமை பூஜ்யமாக இருக்கும்வரை எலக்ட்ரான்களும் அதே எண்ணிக்கையில் இருக்கும். அதனால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

நானும் குழம்பியவன்தான். 'அணு எண் = புரோட்டான்கள் = எலக்ட்ரான்கள்' என்று ஒரே வரியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தேர்வில் சோடியம் அயனியின், அதாவது ஒரு எலக்ட்ரானை இழந்த சோடியம் அணுவின், அணு எண்ணைக் கேட்டார்கள். 11 எலக்ட்ரானில் ஒன்று போய்விட்டது, மிச்சம் 10, ஆகவே அணு எண் 10 என்று எழுதிவிட்டு வந்தேன். திருத்தி வந்த தாளில், விடைக்குப் பக்கத்தில் 'அப்போ இது நியானா?' என்று எழுதியிருந்தது. மதிப்பெண் போனதைவிட அதுதான் உறைத்தது.

நியான் அணுவில் 10 எலக்ட்ரான். சோடியம் அயனியிலும் 10, ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாகப் பெற்ற ஃபுளூரினான ஃபுளூரைடு அயனியிலும் 10. எலக்ட்ரானை எண்ணிப் பெயர் வைத்தால் மூன்றும் ஒன்றாகிவிடும். அணுக்கருவுக்குள் பார்த்தால்தான் கதை வேறு: நியானுக்கு 10 புரோட்டான், சோடியத்துக்கு 11, ஃபுளூரினுக்கு 9. அதே 10 எலக்ட்ரான்களை 11 புரோட்டான்கள் இழுத்துப் பிடிப்பதால் சோடியம் அயனி சுருங்கியிருக்கும். 9 மட்டுமே இழுப்பதால் ஃபுளூரைடு அதைவிடப் பெரிதாக இருக்கும். எலக்ட்ரான் வெளியில் இருப்பது; வேதிவினையில் சுலபமாக வரும், போகும். புரோட்டானை வேதிவினை தொடக்கூட முடியாது.

ஒரு காலத்தில் அணு எண் என்பது தனிம வரிசை அட்டவணையில் தனிமத்தின் வரிசை எண், அவ்வளவுதான். அணு எடைப்படி அடுக்கினால் சில இடங்களில் இடித்தது. கோபால்ட்டின் அணு எடை 58.93, நிக்கலுக்கு 58.69. எடைப்படி நிக்கல்தான் முன்னால் வர வேண்டும், ஆனால் வேதிப்பண்புகள் அதற்கு ஒத்துவரவில்லை. 1913-இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிர்களின் அதிர்வெண்ணை அளந்தார். அதன் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் ஒரே சீராக ஏறியது. கோபால்ட் 27, நிக்கல் 28 என்று சரியாக உட்கார்ந்தன. அணுக்கருவின் மின்சுமையைத்தான் அவர் எண்ணியிருக்கிறார். புரோட்டான் என்ற பெயர்கூட அப்போது புழக்கத்தில் இல்லை. இரண்டே வருடத்தில், 27 வயதில், முதல் உலகப் போரில், துருக்கியின் கல்லிப்பொலியில் இறந்துபோனார்.

சரி, புரோட்டான் எண்ணிக்கை மாறவே மாறாதா? கதிரியக்கத்தில் மாறும். கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 அணுக்கருவில், மின்சுமை இல்லாத துகளான ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது 6 என்பது 7 ஆகிறது. அப்போது உண்டாகும் எலக்ட்ரான் கருவிலிருந்தே தெறித்து வெளியே ஓடிவிடும். சுற்றி இருப்பவை பழைய 6 எலக்ட்ரான்கள்தான். ஆனாலும் அந்த நொடியிலிருந்தே அது நைட்ரஜன். ஒரு எலக்ட்ரான் குறைந்த நைட்ரஜன் அயனி.